சொந்தமாகச் செய்து பார்ப்பவர்களுக்கு ஹாம் ரேடியோ: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது

அர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற போர்டுகளோடு பழகியவர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு புதிதல்ல. வைஃபை, புளூடூத், லோரா என்று ஏதாவது ஒரு மாட்யூலைப் பொருத்தி, அதற்கான லைப்ரரியைச் சேர்த்து, தகவல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த மாட்யூலின் ரேடியோப் பகுதி ஒரு தகர மூடிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. குறிப்பிட்ட சக்தியில், குறிப்பிட்ட ஆன்டெனாவோடு அதைச் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சான்று இருப்பதால்தான் லைசென்ஸ் இல்லாமலே அதை இயக்க முடிகிறது. உள்ளே கைவைத்து மாற்றினால் சான்றும் போய்விடும்.

அமெச்சூர் ரேடியோ என்றும் சொல்லப்படும் ஹாம் ரேடியோவில் சோதனை கருவிக்கு இல்லை, ஆளுக்கு. தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கிய ஒருவர், பெரும்பாலான நாடுகளில், தன் டிரான்ஸ்மிட்டரைத் தானே வடிவமைத்து, தானே சால்டர் செய்து, தனக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் இயக்கலாம். வேறெந்த ரேடியோ சேவையிலும் சாதாரண மனிதர்களுக்கு இவ்வளவு சுதந்திரம் கிடையாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகள் அமெச்சூர் சேவையை வரையறுக்கும்போதே சுய பயிற்சி, ஒருவருக்கொருவர் தொடர்பு, தொழில்நுட்ப ஆய்வு என்ற மூன்றையும்தான் நோக்கங்களாகச் சொல்கின்றன. கைவேலை இந்தச் சேவையின் ஓரத்தில் இருக்கும் பொழுதுபோக்கு அல்ல, அதன் நடு மையம்.

ஹாம் ரேடியோவை இளைஞர்களுக்கு அறிமுகம் செய்பவர்கள் வழக்கமாக, “இதை வைத்து உலகம் முழுக்கப் பேசலாம்” என்று ஆரம்பிக்கிறார்கள். கையில் போன் வைத்திருக்கும் ஒருவருக்கு அதில் பெரிய வியப்பு எதுவும் இல்லை. சொல்ல வேண்டியது வேறு. நீங்கள் செய்த சர்க்யூட்டிலிருந்து, நீங்கள் வெட்டிய கம்பி வழியாக, ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியோடு கிளம்பும் சிக்னல், நடுவில் கோபுரமோ கேபிளோ கம்பெனியோ இல்லாமல் இன்னொரு கண்டத்தில் போய் இறங்குகிறது. வழியில் அதைத் திருப்பிவிடுவது தரைக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சூரியனால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு மட்டும்தான். செய்து பார்க்கும் ஆசை உள்ள எவருக்கும் இது ஒன்று போதும் என்பது என் நம்பிக்கை.

இந்த வழியில் போக நான் சொல்லும் வரிசை: முதலில் கேட்பது, அடுத்து ஆன்டெனா, அப்புறம் லைசென்ஸ், பிறகு சொந்த டிரான்ஸ்மிட்டர். பலர் முதல் வேலையாக வாக்கி டாக்கி போன்ற ஒரு கையடக்க ரேடியோவை வாங்கிவிடுகிறார்கள். உள்ளூர் அலைவரிசையில் யாரும் பேசாத நேரத்தில் அதைத் திறந்து பார்த்து, இவ்வளவுதானா என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அதைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் படி: கேளுங்கள்

அமெச்சூர் அலைவரிசைகளைக் கேட்பதற்குப் பல நாடுகளில் லைசென்ஸ் தேவையில்லை. உங்கள் நாட்டு விதியை ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

எதையும் வாங்காமலே இன்று மாலையே கேட்கலாம். நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் ஒரு ரிசீவரை இணையத்தில் இணைத்து வைத்திருக்கிறார்கள். பிரவுசரைத் திறந்து, யார் வேண்டுமானாலும் அதைத் தங்கள் விருப்பப்படி டியூன் செய்யலாம். இதே போல கிவிஎஸ்டிஆர் என்ற கருவிகளும் உலகின் பல இடங்களில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்து கிடக்கின்றன. பகலில் 14 மெகாஹெர்ட்ஸ், இருட்டிய பிறகு 7 மெகாஹெர்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். குரல் வாத்துச் சத்தம் போலக் கேட்டால் பக்கப்பட்டை (சிக்னலின் மேல், கீழ்ப் பாதிகளில் எதைக் கேட்பது என்ற தேர்வு) தவறாக இருக்கிறது என்று பொருள். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சுக்குக் கீழ்ப் பக்கப்பட்டையும், அதற்கு மேலே மேல் பக்கப்பட்டையும் வழக்கம். 14.074, 7.074 ஆகிய இரண்டு இடங்களிலும் விசில்கள் கூட்டமாக எழுந்து பதினைந்து நொடிக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் நின்று மறுபடி தொடங்கும். அதுதான் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அடுத்தது சொந்த ரிசீவர். டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காக வந்த யூஎஸ்பி டாங்கிள்களில் ஆர்டிஎல்2832யூ என்ற சிப் இருக்கும். அது டிவி சிக்னலைப் பிரித்தெடுப்பதோடு நிற்காமல், சிக்னலின் பச்சையான மாதிரிகளை, அதாவது அளந்த எண்களை, அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பவும் செய்யும் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. அன்றிலிருந்து சாஃப்ட்வேர் ரேடியோ எளியவர்களின் கைக்கு வந்துவிட்டது. இந்த டாங்கிள் சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வரை கேட்கும். ஒரே பார்வையில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திரையில் காட்டும். குறைகளும் உண்டு. மாதிரி எடுப்பது 8 பிட் ஆழத்தில்தான் என்பதால், பக்கத்தில் பலமான எஃப்எம் நிலையம் இருந்தால் மெல்லிய சிக்னல்கள் மூழ்கிப்போகும். குறுஅலையைக் கேட்க, அதற்கான வசதி உள்ள டாங்கிளாகப் பார்த்து வாங்க வேண்டும், அல்லது அலைவரிசையை மேலே தூக்கித்தரும் கன்வெர்ட்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சாஃப்ட்வேருக்குக் குறைவில்லை. எஸ்டிஆர்++, ஜிக்யூஆர்எக்ஸ் இரண்டும் இலவசம், மூலநிரலும் திறந்தது. சிக்னல் செயலாக்கத்தையே பெட்டி பெட்டியாக இணைத்துப் படிக்க விரும்பினால் ஜிஎன்யூ ரேடியோ இருக்கிறது.

திரையில் சீப்புப் பற்கள் போலச் சம இடைவெளியில் கோடுகள் தெரிந்தால் அவை நிலையங்கள் அல்ல. சார்ஜர், எல்இடி விளக்கு, மலிவான பவர் அடாப்டர் ஆகியவற்றின் இரைச்சல். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி, வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எந்தக் கருவி குற்றவாளி என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முதலில் எதைப் பிடிப்பது? சர்வதேச விண்வெளி நிலையத்தைத்தான் சொல்வேன். அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒருமுறை தலைக்கு மேல் கடந்துபோக அதிகபட்சம் சுமார் பத்து நிமிடம் ஆகும். அதிலிருக்கும் அமெச்சூர் ரேடியோ 145.800 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் முறையில் ஒலிபரப்புகிறது. சில நாட்களில் விண்வெளி வீரர்கள் பள்ளி மாணவர்களோடு பேசுவார்கள், சில நாட்களில் படங்கள் வரும். படம் வரும்போது நீண்ட கீச்சொலி கேட்கும். அதைப் போனில் உள்ள செயலிக்குக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் ஒரு முழுப் படம் வரிவரியாக விரியும். நிலையம் உங்களை நோக்கி வரும்போது சிக்னல் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் மேலேயும், விலகும்போது அதே அளவு கீழேயும் நகர்வதைத் திரையில் நேராகவே பார்க்கலாம். டாப்ளர் விளைவைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள்கூட அந்தக் கோடு வளைவதை முதல்முறை பார்க்கும்போது அசந்துபோகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகள் பலவும் நோவா 15, 18, 19 என்ற வானிலைச் செயற்கைக்கோள்களின் படங்களைப் பிடிக்கச் சொல்லும். அவை மூன்றும் 2025ல் நிறுத்தப்பட்டுவிட்டன. அந்த வேலைக்கு இப்போது ரஷ்யாவின் மீட்டியோர் வரிசையைத்தான் பார்க்க வேண்டும். அவை 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் டிஜிட்டலாகப் படங்களை அனுப்புகின்றன.

இரண்டாம் படி: ஆன்டெனாவைக் கையால் செய்யுங்கள்

இந்தப் பொழுதுபோக்கில் உழைப்புக்கு அதிகப் பலன் கொடுப்பது ஆன்டெனாதான். கம்பியும் அளவுநாடாவும் போதும். ஆனால் அதன் பின்னால் உள்ள இயற்பியல் வாழ்நாள் முழுக்கப் படித்தாலும் தீராது. அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் அலைநீளம் கிடைக்கும். அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் சேர, இரு பக்கமும் சமமாக நீளும் கம்பி ஆன்டெனா) என்றால் இதில் பாதி. ஆனால் கம்பியின் முனை விளைவால் உண்மையான நீளம் இன்னும் சில சதவீதம் குறையும். ஆகவே நடைமுறையில் 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்து மொத்த நீளத்தை எடுத்துக்கொள்வார்கள். கால் அலைக்கு 71.5.

முதல் ஆன்டெனாவாக 145 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலை நிலக்கம்பி ஆன்டெனாவைச் செய்யுங்கள். 71.5ஐ 145ஆல் வகுத்தால் 49 சென்டிமீட்டர். ஒரு சேசிஸ் கனெக்டரின் நடுமுனையில் 49 சென்டிமீட்டர் கம்பியை நேராக நிறுத்திச் சால்டர் செய்யுங்கள். கனெக்டரின் நான்கு மூலைத் துளைகளிலும் 52 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு கம்பிகளைத் திருகுங்கள். இவற்றைக் கிடைமட்டமாக விட்டால் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 36 ஓம் பக்கத்தில் இருக்கும். 45 டிகிரி கீழ்நோக்கி வளைத்தால் கேபிளுக்கு ஏற்ற 50 ஓமை நெருங்கும். ஒரே ஒரு கோணத்தை மாற்றி ஆன்டெனாவைக் கேபிளோடு ஒத்துப்போக வைப்பது என்ன என்பதை விரலாலேயே கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இதை டாங்கிளில் மாட்டி விண்வெளி நிலையத்தைக் கேளுங்கள். டாங்கிளோடு வரும் குட்டி ஆன்டெனாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் காதுக்கே தெரியும்.

அடுத்தது குறுஅலைக்கான டைபோல். 14.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 10.14 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 5.07. ஆனால் முதலிலேயே அந்த அளவுக்கு வெட்டிவிடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 5.20 மீட்டராக வைத்துக்கொண்டு தூக்கிக் கட்டுங்கள். தரையின் தன்மை, பக்கத்துச் சுவர், கம்பியின் பிளாஸ்டிக் உறை எல்லாமே ஒத்ததிர்வை நகர்த்தும். கணக்கை விட அளந்து பார்ப்பதுதான் இங்கே கடைசி வார்த்தை.

அளப்பதற்கு நானோவிஎன்ஏ என்ற கையடக்கக் கருவி இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய ஆய்வகங்களில் மட்டும் இருந்த அளவி இது. இப்போது சட்டைப் பையில் அடங்கும். செய்து பார்க்கும் எவரும் ரேடியோ பக்கம் வந்தால் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். அளப்பதற்கு முன், திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் என்ற மூன்று சிறு மூடிகளையும் வரிசையாக மாட்டி அளவுதிருத்தம் செய்யுங்கள். அளக்கும் பட்டையை மாற்றினால் மறுபடியும் செய்யுங்கள். அதைத் தவிர்த்தால் திரையில் வரும் கோடு நம்பத்தக்கதல்ல.

எஸ்டபிள்யூஆர் என்பது ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம். அதன் கோடு எந்த அலைவரிசையில் பள்ளத்தாக்கு போல இறங்குகிறது என்று பாருங்கள். 13.75 மெகாஹெர்ட்ஸில் இறங்கினால் கம்பி நீளமாக இருக்கிறது. இப்போதைய நீளத்தை 13.75ஆல் பெருக்கி 14.1ஆல் வகுத்தால் வேண்டிய நீளம்: 5.20 மீட்டர் 5.07 ஆகிறது. அதாவது இரண்டு பக்கமும் 13 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். முதலில் 10 சென்டிமீட்டர் மடித்துக் கட்டி அளந்து பார்த்துவிட்டு மீதியைத் தீர்மானியுங்கள். வெட்டிய கம்பியை ஒட்டவைப்பதை விட மடித்த கம்பியை அவிழ்ப்பது சுலபம்.

எஸ்டபிள்யூஆர் 1.0க்கு வந்தே தீர வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீத சக்தி. 2 என்றால் 11 சதவீதம். 3ஐத் தொடும்போதுதான் நான்கில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. 1.5லிருந்து 1.1க்கு இறக்க ஒரு நாளைச் செலவழிப்பதை விட, அதே ஆன்டெனாவை இன்னும் மூன்று மீட்டர் உயரத்தில் ஏற்றுவதற்கு அந்த நாளைச் செலவழியுங்கள். கேபிள் சேரும் இடத்தில் ஒரு ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பல சுற்றுகள் சுற்றிவிட்டால், கேபிளின் வெளிப்பரப்பில் மின்னோட்டம் ஓடி வீட்டு இரைச்சலை ரிசீவருக்குள் இழுத்து வருவது குறையும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ ஆன்டெனா வரக்கூடாது. விழுந்தாலும் அறுந்தாலும் அதைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். இடி மின்னல் காலத்தில் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே வையுங்கள். மின்னல் தொடங்கிய பிறகு அல்ல, அதற்கு முன்பே.

மூன்றாம் படி: லைசென்ஸ்

இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். தேர்வு என்ற சொல் பயமுறுத்துகிறது. மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் தந்திக்குறி) தெரிந்தே ஆக வேண்டும் என்ற பழைய எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. 2003ல் நடந்த உலக ரேடியோ மாநாடு, மோர்ஸ் கட்டாயமா இல்லையா என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டுவிட்டது. அதன்பின் ஏராளமான நாடுகள் அதை நீக்கிவிட்டன.

மின்னணுவியலில் கைவைத்தவர்களுக்குப் பாடத்திட்டத்தில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான்: ஓம் விதி, கெப்பாசிட்டரும் காயிலும் மாறுமின்னோட்டத்தில் நடந்துகொள்ளும் விதம், டயோடு, டிரான்சிஸ்டர். புதிதாகப் படிக்க வேண்டியது டெசிபல், மாடுலேஷன் வகைகள், அலை பரவல், பிறகு சட்டமும் ஒழுங்கும். முதல் இரண்டு படிகளையும் முடித்துவிட்டு வந்திருந்தால் ஆன்டெனாக் கேள்விகள் மனப்பாடம் இல்லாமலே வரும். ஆன்டெனாவை லைசென்ஸுக்கு முன்னால் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நான்கைந்து பேராகச் சேர்ந்து படியுங்கள். தேர்வுத் தேதியை முதலில் பதிவுசெய்துவிட்டுப் படிக்க உட்காருங்கள்.

விதிகளில் இரண்டு விஷயங்கள் மென்பொருள் உலகிலிருந்து வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஒன்று, வியாபாரம் கூடாது. பணம் சம்பாதிக்கும் எந்தத் தகவலுக்கும் இந்த அலைகளைப் பயன்படுத்த முடியாது. இன்னொன்று, பொருளை மறைக்கும் நோக்கத்தில் குறியாக்கம் செய்யக்கூடாது. செயற்கைக்கோள்களுக்கான கட்டுப்பாட்டுக் கட்டளைகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, அனுப்புவது எல்லோருக்கும் புரியும்படி இருக்க வேண்டும். வழக்கமாக எல்லாவற்றையும் பூட்டி அனுப்பிப் பழகியவர்களுக்கு இது இடிக்கும். லோராவில் இயங்கும் மெஷ்டாஸ்டிக் சாஃப்ட்வேரில்கூட லைசென்ஸ் பெற்றவர்களுக்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் குறியாக்கம் நின்று, உங்கள் கால்சைன் (லைசென்ஸோடு தரப்படும் அழைப்புக்குறி) பெயராக வந்துவிடும். இந்த வெளிப்படைத்தன்மைக்கு ஒரு காரணம் உண்டு. அலைவரிசை பொதுச் சொத்து. அதில் யார், எதற்காக இருக்கிறார்கள் என்று யார் கேட்டாலும் தெரிய வேண்டும். மூலநிரலைத் திறந்து வைப்பதை நம்புகிறவர்களுக்கு இந்த எண்ணம் அந்நியமாக இருக்காது.

நான்காம் படி: முதல் டிரான்ஸ்மிட்டர், ஒரு விஸ்பர் பீக்கன்

கால்சைன் கைக்கு வந்ததும் என்ன செய்வது? ஆயத்தக் கருவி வாங்கலாம். ஆனால் செய்து பார்ப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது விஸ்பர் (WSPR) என்ற முறையில் ஒரே செய்தியைத் தானாகத் திரும்பத் திரும்ப அனுப்பும் ஒரு சிறு பீக்கன். மைக்ரோகன்ட்ரோலர் அறிவும் ரேடியோ அறிவும் இதில் சரிபாதியாகத் தேவைப்படுகின்றன.

விஸ்பரை உருவாக்கியவர் ஜோ டெய்லர். இரட்டை நட்சத்திர அமைப்பில் ஒரு பல்சாரை (ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் நட்சத்திரத்தை) கண்டுபிடித்ததற்காக 1993ல் ரஸ்ஸல் ஹல்ஸோடு இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலைத் தோண்டியெடுக்கும் கலையை அவர் 2008ல் அமெச்சூர்களுக்கு இந்த வடிவில் கொடுத்தார். ஒரு செய்தியில் இருப்பது மூன்றே விஷயங்கள்: கால்சைன், உங்கள் இடத்தைக் குறிக்கும் நான்கு எழுத்துக் கட்டக்குறி, டிபிஎம் கணக்கில் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபலில்) சக்தி. மொத்தம் 50 பிட். அதை 162 குறியீடுகளாக விரித்து, 1.46 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள நான்கு சுரங்களில், 110.6 நொடி நேரம் நிதானமாக அனுப்புகிறோம். முழு சிக்னலின் அகலம் சுமார் 6 ஹெர்ட்ஸ். இவ்வளவு குறுகலாகவும் மெதுவாகவும் இருப்பதால், காதுக்கு வெறும் இரைச்சலாகத் தெரியும் இடத்திலிருந்தும் கம்ப்யூட்டர் அதைப் பிரித்தெடுத்துவிடும்.

தேவையான பாகங்கள்: ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, எஸ்ஐ5351 கிளாக் சிப் உள்ள சிறு பலகை, நேரத்துக்கு ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், ஒரு லோ பாஸ் ஃபில்டர், இன்னும் கொஞ்சம் சக்தி வேண்டுமானால் பிஎஸ்170 மாஸ்ஃபெட் வைத்த ஒரு ஆம்ப்ளிஃபையர். எஸ்ஐ5351 ஐ2சி வழியாகப் பேசும். 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 160 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த அலைவரிசையையும் உண்டாக்கும். அதற்கும் விஸ்பர் குறியாக்கத்துக்கும் தயார் லைப்ரரிகள் கிடைக்கின்றன.

கவனம் வேண்டிய இடங்கள் மூன்று.

நேரம் முதலாவது. இரட்டைப்படை நிமிடம் தொடங்கி ஒரு நொடியில் அனுப்புவது ஆரம்பமாக வேண்டும். கேட்பவர்களின் கம்ப்யூட்டரும் அதே கடிகாரத்தை நம்பித்தான் காத்திருக்கிறது. ஜிபிஎஸ் இருந்தால் இந்தக் கவலை தீர்ந்தது. வைஃபை உள்ள போர்டு என்றால் இணையத்திலிருந்தும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அலைவரிசை இரண்டாவது. 20 மீட்டர் பட்டையில், அதாவது 14 மெகாஹெர்ட்ஸில், விஸ்பருக்கென்று இருப்பது 14.0970லிருந்து 14.0972 வரை, வெறும் 200 ஹெர்ட்ஸ். உங்கள் பலகையிலுள்ள கிரிஸ்டல் பத்து லட்சத்தில் பத்து பங்கு பிசகினாலே 141 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அந்த 200 ஹெர்ட்ஸ் ஜன்னலுக்கு வெளியே அனுப்பினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே ஜிபிஎஸ் தரும் நொடித் துடிப்பை வைத்தோ, நம்பகமான ரிசீவரை வைத்தோ திருத்த எண்ணைக் கண்டுபிடித்துப் புரோகிராமில் எழுதுங்கள். சூடாகும் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் அந்தப் பலகையை வைக்காதீர்கள். சூடு ஏற ஏற அலைவரிசை மெல்ல நகரும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் நகர்வதுதான் விஸ்பருக்கு ஆகாது.

மூன்றாவது ஃபில்டர். இதில் அலட்சியம் காட்டினால் பாதிக்கப்படுவது நீங்கள் அல்ல, மற்றவர்கள். எஸ்ஐ5351 தருவது சதுர அலை. சதுர அலையில் மூன்றாம், ஐந்தாம் மடங்கு அலைகள் கணிசமாக இருக்கும். 14 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவதாக நினைத்துக்கொண்டு 42லும் 70லும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். மூன்று காயில், நான்கு கெப்பாசிட்டர் உள்ள லோ பாஸ் ஃபில்டர் இதைத் தடுக்கும். காயிலுக்கு டோராய்டு வளையங்களைப் பயன்படுத்துவார்கள். இந்தப் பட்டைக்கு மஞ்சள் நிற வளையம் பொருத்தமானது. கம்பி வளையத்தின் துளை வழியே ஒருமுறை போனாலே அது ஒரு சுற்று. வெளிப்பக்கத்தை எண்ணினால் கணக்கு தவறும். ஃபில்டரைச் செய்து முடித்ததும் நானோவிஎன்ஏவில் மாட்டி, 14ல் ஏறக்குறைய முழுதும் கடப்பதையும் 42ல் சரிந்து கிடப்பதையும் கண்ணால் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

முதலில் ஆன்டெனாவுக்குப் பதில், சக்தியை வெளியே பரப்பாமல் விழுங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடில் மாட்டி இயக்கிப் பாருங்கள். உங்கள் டாங்கிளையும், விஸ்பரைப் பிரித்தெடுக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் (WSJT-X) சாஃப்ட்வேரையும் வைத்து, உங்கள் சொந்த கால்சைன் திரையில் வருகிறதா என்று சரிபாருங்கள். ஆளில்லாமல் பீக்கனை இயங்க விடுவது உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் இயக்குங்கள்.

சரி, ஆன்டெனாவில் மாட்டி அனுப்பியாயிற்று. கேட்பவர்களின் கம்ப்யூட்டர்கள் தாங்கள் பிடித்ததைப் பதிவேற்றும் விஸ்பர்நெட் தளத்தைத் திறந்து உங்கள் கால்சைனைத் தேடுங்கள். கேட்ட நிலையங்கள், சிக்னலின் அளவு, தூரம் எல்லாம் பட்டியலாக இருக்கும். 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட், நல்ல நேரத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் போவது இங்கே சாதாரணம். இந்தப் பட்டியலை ஒரு வாரம் சேமித்து வரைபடம் போட்டுப் பாருங்கள். விடியும்போது ஒரு திசை திறப்பதும், இரவில் வேறொரு திசை மூடுவதும், சூரியப் புயல் அடித்த நாளில் எல்லாமே படுத்துவிடுவதும் உங்கள் சொந்தத் தரவிலேயே தெரியும். ஆன்டெனாவின் திசையை மாற்றினால் என்ன ஆகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. மாற்றிவிட்டு மறுநாள் எண்ணைப் பார்த்தால் போதும். இதே போன்ற பீக்கனை, சூரியத்தகடு வைத்துச் சில கிராம் எடைக்குச் சுருக்கி, பலூனில் கட்டிப் பறக்கவிட்டு உலகைச் சுற்ற வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: மனிதர்களோடு

பீக்கன் ஒருவழிப் பேச்சு. பதில் வரத் தொடங்கும்போது அதன் சுவையே வேறு. மெல்லிய சிக்னலில் இருவழித் தொடர்புக்கு எஃப்டி8 உதவும். டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017ல் வெளியிட்டது. கால்சைன், சிக்னல் அளவு, விடைபெறுதல் அவ்வளவுதான். அரட்டைக்கு இடமில்லை. அரட்டை வேண்டுமானால் குரல் அல்லது மோர்ஸ். தேர்வில் கட்டாயம் இல்லாவிட்டாலும் மோர்ஸைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். ஒரே ஒரு டிரான்சிஸ்டரில் செய்த டிரான்ஸ்மிட்டரைக் கொண்டும் அதில் பேச முடியும். இவ்வளவு குறைந்த பாகங்களில் மனிதரோடு மனிதர் பேசும் முறை வேறில்லை.

குரலுக்குச் சொந்தமாகச் செய்ய விரும்பினால் அஷ்ஹர் ஃபர்ஹானின் பிட்எக்ஸ் (BITX) என்ற, அனுப்பவும் கேட்கவும் செய்யும் கருவியின் வடிவமைப்பைப் படியுங்கள். எளிதில் கிடைக்கும் பாகங்களை வைத்து, ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்று விளக்கி அவர் வெளியிட்ட சர்க்யூட் அது. உலகெங்கும் பலர் அதைக் கட்டியிருக்கிறார்கள். அதன் வழி வந்த மைக்ரோபிட்எக்ஸ், அர்டுயினோ நானோவையும் எஸ்ஐ5351ஐயும் வைத்தே இயங்குகிறது, நிரலும் திறந்தது. நான்காம் படியில் நீங்கள் கற்றதெல்லாம் அப்படியே இங்கே உதவும்.

முதல் அழைப்புக்குத் தயக்கம் எல்லோருக்கும் உண்டு. அலைவரிசையில் யாராவது இருக்கிறார்களா என்று சற்றுநேரம் காதுகொடுங்கள். “காலியா?” என்று மைக்கில் கேட்டுவிட்டு இன்னொரு முறை காதுகொடுங்கள். யாரோ ஒருவர் பொது அழைப்பு விட்டுக்கொண்டிருந்தால், அவர் முடித்ததும் உங்கள் கால்சைனை ஒலிப்பெயர்களில் (ஆல்ஃபா, பிராவோ என்பது போல) நிதானமாக ஒருமுறை சொல்லுங்கள். பதில் வந்தால் சிக்னல் அளவு, பெயர், இடம். சொந்தமாகச் செய்த கருவி என்பதையும் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் அவசரத்தில் இருந்தாலும் அதைக் கேட்டதும் நின்று பேசுவார்.

ஆறாம் படி: மற்றவர்களை அழைத்து வாருங்கள்

மூத்த ஹாம்களுக்கு ரேடியோ தெரியும். புதியவர்களுக்கு நிரலும் முப்பரிமாண அச்சும் தெரியும். இரண்டு கூட்டமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரண்டுக்கும் லாபம். அதற்கு உரைகள் உதவாது. ஏதாவது ஒன்றைச் செய்ய வைக்க வேண்டும்.

ஒரு நாள் பயிற்சிக்கு மிகப் பொருத்தமானது, எஃகு அளவுநாடாவையும் பிவிசி குழாயையும் வைத்துச் செய்யும் மூன்று உறுப்பு யாகி ஆன்டெனா, அதாவது ஒரு திசையில் மட்டும் கூர்மையாகக் கேட்கும் ஆன்டெனா. நாடாவை வெட்டி, முனைகளின் பெயிண்டைச் சுரண்டி, கேபிளைச் சால்டர் செய்து, குழாயில் கட்டினால் முடிந்தது. வெட்டிய நாடாவின் முனைகள் கத்தி போல இருக்கும்; டேப் ஒட்டி மூட மறக்க வேண்டாம். காலையில் ஆன்டெனா. மதியம், லைசென்ஸ் உள்ள ஒருவர் பொறுப்பில், மில்லிவாட் கணக்கில் இயங்கும் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரை எங்காவது ஒளித்து வையுங்கள். அது தன் கால்சைனைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். எல்லோரும் தாங்கள் செய்த ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டு போவார்கள். இதில் கேட்பது மட்டும்தான் என்பதால் பங்கெடுப்பவர்களுக்கு லைசென்ஸ் தேவைப்படாத நாடுகளே அதிகம். நெருங்கிப் போகும்போது சிக்னல் பலமாகி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுத் தேடலாம் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

தொடர்ந்து ஈடுபட விரும்பும் குழுவுக்கு சாட்நாக்ஸ் தரைநிலையம் நல்ல திட்டம். செயற்கைக்கோள் சிக்னல்களைத் தானாகவே பதிவுசெய்து பொதுவில் பகிரும் திறந்த வலைப்பின்னல் இது. 2014ல் ஹேக்கடே என்ற வன்பொருள் தளத்தின் பரிசை வென்றது. ஒரு டாங்கிள், ஒரு ராஸ்ப்பெரி பை, சுழலாத சாதாரண ஆன்டெனா, இவை போதும் தொடங்க. மாணவர்கள் கட்டிய சிறு செயற்கைக்கோள்கள் பலவும் அமெச்சூர் அலைவரிசைகளில்தான் பேசுகின்றன. உங்கள் மாடியில் இருக்கும் கம்பி வேறொரு நாட்டு மாணவர்களின் செயற்கைக்கோள் உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லும். முதல் அமெச்சூர் செயற்கைக்கோளான ஆஸ்கர் 1 வானேறியது 1961 டிசம்பர் 12 அன்று, ஸ்புட்னிக்குக்கு நான்கே வருடம் கழித்து. 140 மில்லிவாட்டில் மோர்ஸில் “ஹாய்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அதை உருவாக்கியவர்கள் ஓய்வுநேரத்தில் உழைத்த ஹாம்கள்தான்.

பயிற்சி முடிந்து ஆட்கள் கலையும் முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். அவர்கள் செய்த ஆன்டெனாவை அவர்களிடமே கொடுத்தனுப்புங்கள். அடுத்த லைசென்ஸ் தேர்வு எப்போது, விண்ணப்பம் எங்கே, யார் யார் சேர்ந்து படிக்கப்போகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெயர்களை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலேயே முதல் படிப்புக் கூட்டத்தை வையுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.